கடலைக் கேட்போம்: கடலியல் பற்றி வாசகர் கேள்விகளும் விடைகளும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடலைப் பற்றியவை. கடற்கரை மாவட்டங்களிலிருந்து எழுதியவர்கள் தத்தம் ஊர்க் கடலைப் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்திருப்பது அவர்களுடைய கேள்விகளிலேயே தெரிகிறது. ஆகவே வழக்கத்தைவிடச் சற்று விரிவாகவே விடை எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறேன். கடலியல் படிக்க விரும்புகிறேன் என்று சொன்னால், "மீன்களைப் பற்றிய படிப்பா?" என்றே எல்லோரும் கேட்கிறார்கள். கடலியல் என்பது உண்மையில் எதைப் படிப்பது?
(மாணவி, தூத்துக்குடி)

மீனும் அதில் அடக்கம். ஆனால் அந்த மீன் வாழும் நீர் ஏன் அந்த அளவு வெப்பத்தோடும் உப்போடும் இருக்கிறது, அது எங்கிருந்து வந்து எங்கே போகிறது, அதற்கு அடியில் இருக்கும் தரை எப்படி உருவானது என்பவையும் கடலியலின் கேள்விகளே. பாடத்திட்டத்தில் இதை நான்காகப் பிரிப்பார்கள். அலை, ஓதம் (கடலின் ஏற்றவற்றம்), நீரோட்டம், வெப்பம் ஆகியவற்றை இயற்பியல் கடலியலும், கரைந்திருக்கும் உப்பு, வளிமம், ஊட்டப்பொருள் ஆகியவற்றை வேதியியல் கடலியலும், உயிர்களை உயிரியல் கடலியலும், கடலடித் தரையையும் அதன்மேல் படிந்த வண்டலையும் நிலவியல் கடலியலும் எடுத்துக்கொள்கின்றன.

பிரிவுகள் படிப்பதற்கான வசதிக்காகத்தான். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கரையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காக வீசும் காற்றும் புவியின் சுழற்சியும் சேர்ந்து மேல்நீரைக் கரையைவிட்டு அப்பால் தள்ளுகின்றன. விலகிய நீரின் இடத்தை நிரப்ப, கீழிருந்து குளிர்ந்த நீர் மேலெழும்புகிறது. அந்த நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுதி. அவை வெயிலைக் கண்டதும் கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவை உயிரிகள் பெருகுகின்றன. அவற்றை உண்ண மத்திக் கூட்டம் வருகிறது. காற்றில் தொடங்கி வலையில் முடியும் இந்தத் தொடரில் ஒரு கண்ணியை மட்டும் தெரிந்துகொண்டால் மீன் ஏன் ஓராண்டு கிடைக்கிறது, மறு ஆண்டு கிடைப்பதில்லை என்பதை விளக்க முடியாது.

இத்துறை தனித் துறையாக உருப்பெற்றதற்கு 1872 முதல் 1876 வரை பயணம் செய்த சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பலைச் சுட்டுவது வழக்கம். போர்க்கப்பலின் பீரங்கிகளில் பெரும்பாலானவற்றை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஆய்வுக்கூடங்களை அமைத்து, ஏறத்தாழ 1,27,000 கிலோமீட்டர் சுற்றிவந்தார்கள். 1875 மார்ச் மாதம் மேற்குப் பசிபிக்கில் அவர்கள் இறக்கிய கயிறு 8,184 மீட்டர் ஆழத்தில்தான் தரையைத் தொட்டது. அங்குள்ள மரியானா அகழி என்ற கடலடிப் பள்ளத்தின் மிக ஆழமான பகுதி ஏறத்தாழ 10,900 மீட்டர் என்று இன்று அறிகிறோம். அதற்குச் சேலஞ்சர் ஆழம் என்றே பெயர். அந்தக் கப்பல் நம் பக்கம் வரவில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியைக் கடந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. வங்கக் கடலும் அரபிக் கடலும் முறையாக அளக்கப்படுவதற்கு 1959 முதல் 1965 வரை பல நாடுகள் சேர்ந்து நடத்திய பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் வரை காத்திருக்க நேர்ந்தது. அதன் தொடர்ச்சியாகவே, இன்று கோவாவில் இயங்கும் தேசியக் கடலியல் நிறுவனம் 1966 இல் தோன்றியது.

உங்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். கடலியல் பெரும்பாலும் முதுகலைப் படிப்பில்தான் தனிப் பாடமாகிறது. எனவே இளங்கலையில் இயற்பியல், வேதியியல், விலங்கியல், நிலவியல் ஆகியவற்றுள் எதை எடுத்தாலும் இடையில் கணிதத்தைக் கைவிடாதீர்கள். உயிரியல் பக்கம் ஆர்வம் இருந்தால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் இருக்கிறது; அதை ஒரு முறை நேரில் சென்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஆறுகள் எல்லாம் நல்ல நீரைத்தான் கடலில் கொண்டு சேர்க்கின்றன. பிறகு கடல் எப்படி உப்பாயிற்று? ஆண்டுக்கு ஆண்டு உப்பு கூடிக்கொண்டே போகுமா?
(உப்பளத் தொழிலாளி, வேதாரண்யம்)

ஆற்று நீரிலும் உப்பு இருக்கிறது. நாக்குக்குத் தெரியாத அளவில் இருக்கிறது, அவ்வளவுதான். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிப் பாறைகளை அரிக்கிறது. அரித்ததை ஆறு சுமந்து வருகிறது. கடலில் சேர்ந்த நீர் ஆவியாகி மீண்டும் மேகமாகும்போது உப்பு பின்தங்குகிறது. உங்கள் பாத்தியில் சில வாரங்களில் நடப்பது கடலில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடந்து வருகிறது.

ஆனால் இந்த விளக்கம் பாதிதான். ஆற்று நீரைப் பகுத்துப் பார்த்தால் அதில் மிகுதியாக இருப்பவை கால்சியமும் பைகார்பனேட்டும். கடல்நீரிலோ குளோரைடும் சோடியமும் சேர்ந்து கரைபொருளில் ஏறத்தாழ 85 விழுக்காடு. ஆறு கொண்டுவந்த கால்சியத்தைச் சங்கும் சிப்பியும் பவளமும் நுண்ணுயிரிகளும் தங்கள் ஓட்டுக்காக எடுத்துக்கொள்கின்றன. குளோரைடின் பெரும்பகுதி பாறையிலிருந்து வந்ததே அன்று. புவியின் உட்புறத்திலிருந்து எரிமலைகள் கக்கிய வளிமங்களிலிருந்து வந்தது. 1977 இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். கடல்நீர் கடலடித் தரையின் வெடிப்புகளில் இறங்கிச் சூடேறி, பாறையோடு சில தனிமங்களைக் கொடுத்தும் வாங்கியும் மறுபடி வெளியே வருகிறது என்பது அப்போது உறுதியாயிற்று.

உப்பு கூடுமா என்ற உங்கள் கேள்வி 300 ஆண்டுப் பழமை கொண்டது. 1715 இல் ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலி, கடலின் உப்பு கூடும் வேகத்தை அளந்தால் உலகின் வயதைக் கணக்கிடலாம் என்று சொன்னார். 1899 இல் அயர்லாந்தின் ஜான் ஜோலி ஆறுகள் கொண்டுவரும் சோடியத்தைக் கொண்டு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள் என்று விடை வந்தது. புவியின் உண்மையான வயது 450 கோடி ஆண்டுகளுக்கும் மேல். கணக்கு எங்கே தவறியது? கடலுக்குள் வரும் உப்பைப் போலவே வெளியேறும் உப்பும் உண்டு என்பதை அவர் போதிய அளவில் கணக்கில் எடுக்கவில்லை. சேற்றில் ஒட்டியும், வற்றிய கடல்களில் உப்புப் பாறையாகப் படிந்தும், கடலடிப் பாறையில் புகுந்தும், அலைச்சாரலாகத் தரைக்குப் பறந்தும் உப்பு கடலைவிட்டு நீங்கிக்கொண்டே இருக்கிறது. வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக இருப்பதால் ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் என்ற அளவு நெடுங்காலமாகப் பெரிதாக மாறாமல் நிற்கிறது.

இந்தச் சராசரி எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. அரபிக் கடலில் மழையைவிட ஆவியாதல் மிகுதி; அதன் வடபகுதியில் கிலோவுக்கு 36 கிராமுக்கும் மேல் உப்பு இருக்கும். வங்கக் கடலில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் வந்து விழுகின்றன, மழையும் மிகுதி. மழைக்காலம் முடியும் தறுவாயில் அதன் வடபகுதியின் மேல்நீரில் உப்பு 30 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். உப்புக் குறைந்த நீர் எடை குறைந்தது. ஆகவே அது மேலே ஒரு மூடியைப் போல மிதக்கிறது. காற்று எவ்வளவு கலக்கினாலும் அடியிலுள்ள குளிர்ந்த நீர் எளிதில் மேலே வர முடிவதில்லை. எனவே வங்கக் கடலின் மேற்பரப்பு 28 பாகை செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தைப் பல மாதங்கள் தாங்கி நிற்கிறது. அரபிக் கடலைவிட வங்கக் கடலில் புயல்கள் பல மடங்கு மிகுதியாகத் தோன்றுவதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த நீர் நம் கரையோரமாகத் தெற்கே ஓடி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு அரபிக் கடலின் தென்கிழக்கு மூலை வரைக்கும் போகிறது. அந்த மாதங்களில் உங்கள் ஊர்க் கடலில் இருக்கும் நீரில் ஒரு பகுதி இமயமலையில் பெய்த மழை.

கேள்வி: வானத்தின் நீலம் எதிரொளிப்பதால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்று பள்ளியில் படித்தேன். சரிதானா?
(வாசகர், திருச்சிராப்பள்ளி)

உங்கள் ஊரில் 1888 இல் பிறந்தவர்தான் இதற்கு மறுப்புச் சொன்னார் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1921 இல் சர் சி.வி. ராமன் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா என்ற கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். அது வெறும் எதிரொளி என்ற கருத்து ராலே பிரபு போன்ற பேரறிஞர்களுடையது. ராமனிடம் ஒரு சிறிய நிக்கோல் பட்டகம் (ஒளியை வடிகட்டும் படிகம்) இருந்தது. நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அதைக் கொண்டு வடிகட்டிவிடலாம். அப்படி வடிகட்டிப் பார்த்தபோது வானத்தின் எதிரொளி மறைந்தது. கடலின் நீலமோ முன்னைவிட ஆழமாகத் தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டி, பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதினார். 1928 இன் ராமன் விளைவுக்கும் 1930 இன் நோபல் பரிசுக்கும் இட்டுச்சென்ற பாதை அங்கே தொடங்கியது.

பிற்கால ஆய்வுகள் இதனுடன் இன்னொரு காரணத்தையும் சேர்த்தன. நீர் சிவப்பு ஒளியை மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. ஆழம் கூடக் கூட நீலம் மட்டுமே எஞ்சுகிறது. அந்த எஞ்சிய நீலம் சிதறி மேலே திரும்புவதைத்தான் நாம் காண்கிறோம். வண்டலும் மிதவை உயிரிகளும் மிகுந்த கரையோர நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ தெரிவதற்கு அவையே காரணம்.

கேள்வி: எங்கள் ஊரில் காற்றும் இல்லை, மழையும் இல்லை, வானம் வெளுத்துக் கிடந்தது. திடீரென்று கடல் பொங்கித் தெருவுக்குள் வந்துவிட்டது. பெரியவர்கள் 'கள்ளக்கடல்' என்றார்கள். காற்றே இல்லாமல் அலை எப்படி வந்தது?
(கடலோரக் கிராமத்திலிருந்து இருவர், கன்னியாகுமரி மாவட்டம்)

காற்று இருந்தது, உங்கள் ஊரில் இல்லை. அந்த அலையை எழுப்பிய காற்று அன்றைக்கு நான்கைந்து நாள்களுக்கு முன்னால் அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில் வீசியது.

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். அலை நகரும்போது நீர் அதனுடன் பயணம் செய்வதில்லை. நீர்த்துகள் கிட்டத்தட்ட ஒரு வட்டத்தில் சுழன்று தன் இடத்துக்கே திரும்புகிறது. ஆற்றல் மட்டும் முன்னே போகிறது. புயல் வீசும் இடத்தில் குட்டையும் நெட்டையுமாகப் பலவகை அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். அங்கிருந்து புறப்பட்டதும் அவை தாமாகவே தரம் பிரிகின்றன, ஏனென்றால் ஆழ்கடலில் நீண்ட அலை விரைவாகவும் குறுகிய அலை மெதுவாகவும் செல்லும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 6 நொடி இருந்தால் அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 56 மீட்டர். 18 நொடி இருந்தால் நீளம் 500 மீட்டருக்கும் மேல். இத்தகைய நீண்ட அலைக்கூட்டத்தின் ஆற்றல் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். தெற்கே 45 பாகை அட்சரேகையிலிருந்து கன்னியாகுமரி வரை 5,900 கிலோமீட்டர் என்று கொண்டால் பயண நேரம் 118 மணி, அதாவது ஏறத்தாழ ஐந்து நாள். இடையில் மறிக்கப் பெருநிலம் எதுவும் இல்லை. நடுக்கடலில் வள்ளத்தில் இருப்பவருக்கு அது மெல்ல ஏறி இறங்கும் ஒரு தொய்வாக மட்டுமே தெரியும்.

கரை நெருங்கும்போதுதான் அதன் குணம் வெளிப்படுகிறது. தன் நீளத்தில் பாதி அளவுக்கு ஆழம் குறைந்ததும் அலைக்குத் தரை தட்டுப்படத் தொடங்கும். 500 மீட்டர் அலைக்கு அது 250 மீட்டர் ஆழத்திலேயே தொடங்கிவிடுகிறது. வேகம் குறைகிறது, பின்னால் வரும் ஆற்றல் நெருங்கிக் குவிகிறது, உயரம் கூடுகிறது. உவா நாளாக இருந்தால், அதாவது அமாவாசையோ பௌர்ணமியோ ஒட்டி ஓதப் பெருக்கு உயர்ந்திருக்கும் நேரமாக இருந்தால், வெள்ளம் தெருவுக்குள் ஏறிவிடும். சித்திரை, வைகாசியில் உள்ளூர்க் கடல் அமைதியாக இருக்கும்போது இது மிகுதியாக நிகழ்வதால்தான், முன்னறிவிப்பின்றி வரும் திருடன் என்ற பொருளில் கேரள மீனவர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். 2012 இல் யுனெஸ்கோ இச்சொல்லை அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. கடற்கரைச் சொல் ஒன்று ஆய்வேடுகளில் அப்படியே இடம்பெறுவது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

அலை இவ்வளவு தொலைவு வரும் என்பதை நம்ப முடியாதவர்களுக்காக ஒரு செய்தி. 1963 இல் வால்டர் மங்க் என்ற கடலியலாளர், அண்டார்க்டிகாவுக்கு அருகே புயல்கள் எழுப்பிய அலைகளை நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை பசிபிக்கின் குறுக்கே நிலையங்கள் அமைத்துப் பின்தொடர்ந்தார். 10,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிய பிறகும் அவை கருவிகளில் பதிவாயின. இன்று ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், தென்பெருங்கடலில் காற்று வீசும்போதே கணக்கிட்டு, பல நாள் முன்னதாகவே நமக்கு எச்சரிக்கை தருகிறது. வெளுத்த வானத்தைப் பார்த்து அந்த எச்சரிக்கையைப் புறக்கணிக்க வேண்டாம் என்று உங்கள் ஊர்க்காரர்களிடமும் குறிப்பாகச் சுற்றுலா வருபவர்களிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: மெரினாவில் மணல் இவ்வளவு அகலமாகக் கிடக்கும்போது, சில கிலோமீட்டர் வடக்கே இராயபுரம், காசிமேடு பக்கம் கடல் ஊரைத் தின்றுகொண்டே வந்தது ஏன்? கடலுக்கு ஓரவஞ்சனையா?
(வாசகர், வடசென்னை)

கடல் செய்தது ஒன்றே. அதன் வழியில் நாம் சுவர் வைத்தோம்.

அலைகள் கரைக்கு நேராக வருவது அரிது. சற்றுச் சாய்ந்தே வருகின்றன. சாய்ந்து வந்து உடையும் அலை மணலைக் கரையோரமாக ஒரு பக்கம் நகர்த்தும். சோழமண்டலக் கரையில் ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை அலை தென்கிழக்கிலிருந்து வருவதால் மணல் வடக்கே போகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் அலை வடகிழக்கிலிருந்து வந்து மணலைத் தெற்கே திருப்புகிறது. சென்னைப் பக்கத்து மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே பாயும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே பாய்வதை வண்ணி என்றும் பிரித்துப் பேசுவார்கள். வடக்கே போகும் மாதங்கள் மிகுதி என்பதால் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் லட்சக்கணக்கான கனமீட்டர் மணல் வடக்கு நோக்கியே நகர்கிறது. கரை என்பது நின்றுகொண்டிருக்கும் பொருளைப் போலத் தெரிந்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆறு. தெற்கே எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வடக்கே போகும்வரை அது அதே இடத்தில் இருப்பதாகத் தோன்றும்.

1870களில் சென்னைத் துறைமுகத்துக்கான அலைதடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டத் தொடங்கினார்கள். வடக்கே போகவேண்டிய மணல் தெற்குச் சுவரில் முட்டி நின்றது. அதற்கு முன் கடற்கரைச் சாலைக்கு அண்மை வரை வந்த கடல் ஆண்டுதோறும் பின்வாங்கியது. இன்று நாம் நடக்கும் மெரினாவின் அகலத்தில் பெரும்பகுதி அப்படிச் சேர்ந்தது. சுவருக்கு வடக்கே அலை தன் வேலையை நிறுத்தவில்லை. இருந்த மணலை அது வடக்கே கொண்டுபோயிற்று. ஈடுசெய்யத் தெற்கிலிருந்து மணல் வரவில்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள குப்பங்கள் இழந்த தெருக்களும் கோயில்களும் வலை உலர்த்தும் இடங்களும் அந்த நின்றுபோன மணலின் கணக்கில் அடங்கும்.

பிறகு நடந்ததுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. அரிப்பு நேர்ந்த இடத்தில் கருங்கல்லைக் கொட்டினால் அந்த இடம் நிற்கும். அதற்கு வடக்கே உள்ள ஊருக்கு அரிப்பு இடம்பெயரும். தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, கட்டினால் அதன் தெற்குப் பக்கம் கொஞ்சம் மணல் சேரும். வடக்குப் பக்கம் அந்த அளவு குறையும். ஒவ்வொரு ஊரும் தனக்கு வளைவு வேண்டும் என்று கேட்பதில் குற்றமே இல்லை. வீட்டு வாசலில் கடல் நிற்கும்போது வேறென்ன கேட்பார்கள்? மணல் முழுக் கரைக்கும் பொதுவானது என்று எண்ணித் திட்டமிடவேண்டியது அரசின் பொறுப்பு. அணைகளும் ஆற்றுமணல் அள்ளுதலும் கடலுக்கு வரும் மணலையே குறைத்துவிட்டதையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

புதுச்சேரியிலும் இதே கதைதான். 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் நகரத்தின் அழகிய மணற்கரை சில ஆண்டுகளில் மறைந்து கற்குவியலாயிற்று. 2018 இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் முயற்சியில் கடலுக்கடியில் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை இறக்கி, அலையின் வேகத்தைக் குறைத்தார்கள்; நகரின் ஒரு பகுதியில் மணல் திரும்ப வந்தது. தேங்கிய மணலைக் குழாய் வழியே வடக்குப் பக்கம் கடத்துவது இன்னொரு வழி. ஆண்டுதோறும் செலவு பிடிக்கும் என்றாலும் ஓடும் மணலை ஓடவிடுவது அதுவே என்பதால் என் வாக்கு அதற்குத்தான்.

கேள்வி: சுனாமி வருமுன் கடல் உள்வாங்கும் என்கிறார்கள். 2004 இல் எங்கள் கரையில் முதலில் நீர் ஏறித்தான் வந்தது. சொன்னது தவறா, நாங்கள் பார்த்தது தவறா?
(ஆசிரியர், நாகப்பட்டினம் மாவட்டம்)

நீங்கள் பார்த்தது சரி. 2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு மேற்கே, இந்தியத் தட்டு (புவியோட்டின் பெரும் பாளங்களுள் ஒன்று) கிழக்கே உள்ள தட்டின் கீழ் நுழையும் இடத்தில், 1,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குத் தரை பிளந்தது. மேலே இருந்த தட்டின் மேற்கு விளிம்பு உயர்ந்தது. அதற்குக் கிழக்கே உள்ள பகுதி தாழ்ந்தது. தரை உயர்ந்த பக்கத்தில் நீரும் மேடாயிற்று. தாழ்ந்த பக்கத்தில் பள்ளமாயிற்று. மேற்கே இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் மேடு முதலில் புறப்பட்டு வந்தது. கிழக்கே தாய்லாந்துக்குப் பள்ளம் முதலில் சென்றது. ஆகவே அங்கே கடல் உள்வாங்கியது. நம் கரையில் பலர் கண்ட உள்வாங்கல் முதல் அலைக்குப் பின், அடுத்த அலைக்கு முன் நேர்ந்தது.

இந்த வேறுபாட்டை நம் கரையோரப் பள்ளிகளில் கட்டாயம் சொல்லித்தரவேண்டும். சுமத்ராவை ஒட்டிய சிமலுவே தீவில் 1907 சுனாமியின் நினைவை மக்கள் 'ஸ்மோங்' என்ற சொல்லால் தலைமுறை தலைமுறையாகக் கதையிலும் பாட்டிலும் காத்தார்கள்: நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. 2004 இல் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. நாகை மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டோரை இழந்தோம். நம் கரையில் நிலம் பலமாக அதிரவும் இல்லை, கடல் முதலில் உள்வாங்கவும் இல்லை. ஆகவே நமக்குக் கருவியின் எச்சரிக்கை இன்றியமையாதது.

எச்சரிக்கைக்கு நேரம் கிடைப்பதும் உண்மை. சுனாமியின் வேகத்தைக் கடலின் ஆழமே முடிவுசெய்கிறது. 3,500 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 670 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர். அன்று நடுக்கடலில் அதன் உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்தான் என்று ஜேசன்-1 செயற்கைக்கோளின் பதிவு காட்டியது. மேல்நீரை மட்டும் அசைக்கும் காற்றலை போலன்றித் தரைவரை உள்ள நீர் முழுவதும் நகர்ந்ததால் கரையில் அது பேரலையாயிற்று. நம் கரைக்கு வர அதற்கு இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த இடைவெளியில் செய்தி சொல்ல அன்று யாரும் இல்லை. 2007 இல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கியது. ஆழ்கடல் தரையில் வைத்த அழுத்தமானிகள் இன்று அந்த வேலையைச் செய்கின்றன.

கேள்வி: கடல்மட்டம் என்பது எல்லா இடத்திலும் ஒரே மட்டம்தானே?
(வாசகர், மதுரை)

ஒரே மட்டம் அன்று. புவியின் உட்புறப் பொருள் எங்கும் சீராகப் பரவியிருக்கவில்லை. ஈர்ப்பு கூடிய இடத்தில் நீர் குவிகிறது, குறைந்த இடத்தில் தாழ்கிறது. உலகிலேயே மிகத் தாழ்ந்த கடற்பரப்பு இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. புவிக்கு வரையப்படும் சீரான நீள்கோளப் பரப்பைவிட அது ஏறத்தாழ 106 மீட்டர் கீழே உள்ளது. அதன் மேல் செல்லும் கப்பல் இறங்குவதாக உணராது. ஈர்ப்பின் திசையும் அதற்கேற்ப இருப்பதால் நீரோட்டமும் அந்தப் பள்ளத்தை நோக்கிப் பாய்வதில்லை.

கேள்வி: வெப்பமண்டலத்தில் இருக்கும் நம் கடலின் அடியில் நீர் பனிக்கட்டியைப் போலக் குளிர்ந்திருக்கும் என்று படித்தேன். இவ்வளவு வெயில் அடித்தும் ஏன்? மாணவர்களுக்கு இதை வகுப்பிலேயே காட்ட வழி உண்டா?
(அறிவியல் ஆசிரியை, இராமநாதபுரம்)

1751 இல் ஹென்றி எல்லிஸ் என்பவர் இதை முதலில் அளந்து எழுதினார். அவர் அடிமை வணிகக் கப்பலின் தலைவர். கடல் அறிவின் தொடக்கங்களில் இப்படிக் கொடிய வணிகத்தின் நிழல் விழுந்திருப்பதை மறைப்பதற்கில்லை. அட்லாண்டிக்கின் வெப்பப் பகுதியில் மூடி வைத்த வாளி ஒன்றை 5,346 அடி ஆழத்துக்கு இறக்கினார். மேல்நீர் 84 பாகை பாரன்ஹீட். கீழிருந்து வந்த நீர் 53 பாகை. அந்த நீரில் அவர்கள் மதுவைக் குளிரவைத்தார்கள், குளிக்கவும் செய்தார்கள்.

அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது? வெயில் கடலின் மேற்பகுதியை மட்டுமே சூடாக்குகிறது. சூடான நீர் எடை குறைந்ததால் மேலேயே நிற்கிறது. துருவங்களுக்கு அருகே கடல் உறையும்போது பனிக்கட்டி உப்பை வெளியே தள்ளிவிடுகிறது. சுற்றியுள்ள நீர் குளிராகவும் உப்பாகவும் கனமாகவும் ஆகித் தரைக்கு மூழ்குகிறது. இந்தியப் பெருங்கடலின் வடபக்கத்தை ஆசியா மூடியிருப்பதால் நமக்கு வடதுருவ நீர் நேரே வர வழியில்லை. வங்கக் கடலின் ஆழத்தில் 1 முதல் 2 பாகை செல்சியஸில் கிடக்கும் நீர் பெரும்பாலும் அண்டார்க்டிகாப் பக்கம் மூழ்கி, தரையோடு தரையாக ஊர்ந்து, பல நூற்றாண்டுகள் கழித்து இங்கே வந்து சேர்ந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள், அதாவது தாமாகவே அளந்து செய்தி அனுப்பும் கருவிகள், பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்து வெப்பத்தையும் உப்பையும் செயற்கைக்கோளுக்குச் சொல்கின்றன. அந்தத் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

வகுப்பில் காட்ட இரண்டு கண்ணாடிக் குவளைகள் போதும். முந்தின நாளே சில துளி நீல மையைக் கலந்து பனிக்கட்டிகளை உறையவையுங்கள். ஒரு குவளையில் நல்ல தண்ணீரும், மற்றதில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்த தண்ணீரும் ஒரே வெப்பத்தில் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் ஒவ்வொரு கட்டியை மெதுவாக இடுங்கள். எது முதலில் கரையும் என்று மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிவாங்கிவிடுங்கள். பெரும்பாலோர் உப்புநீர் என்றே சொல்வார்கள். நல்ல தண்ணீரில் கரைந்த நீல நீர் குளிர்ந்து கனத்து இழையிழையாக அடிக்கு இறங்கும். அடியிலிருந்து வெதுவெதுப்பான நீர் மேலே வந்து கட்டியை விரைவில் கரைக்கும். உப்புநீரில் கரைந்த நீலமோ, எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் உப்பில்லாததால் மூழ்க முடியாமல் மேலேயே ஒரு படலமாக நிற்கும். கட்டி மெதுவாகக் கரையும். முதல் குவளை துருவக் கடல் மூழ்குவதைக் காட்டுகிறது. இரண்டாவது, மேலே வேதாரண்யத்து வாசகருக்கு எழுதிய வங்கக் கடலின் நன்னீர் மூடியைக் காட்டுகிறது. குவளையை அசைக்காமல் அரை மணி நேரமாவது விட்டுவையுங்கள். மேசை ஆடினால் படலம் கலைந்துவிடும்.